எந்தக் கணக்கில் எந்த நாள்? பாகூர் மண்ணும் தினசரி வரலாற்று வினாவும்

பாகூர்ப் போர் எந்தத் தேதியில் நடந்தது என்று ஒரு வினாடி வினாவில் கேட்டால் இரண்டு மாணவர்கள் இரண்டு விடை சொல்லக்கூடும். ஒருவர் 1752 ஆகஸ்ட் 26 என்பார், மற்றவர் 1752 செப்டம்பர் 6 என்பார். நடுவர் கையிலுள்ள தாளில் இவற்றில் ஒன்றுதான் இருக்கும். இன்னொரு பிள்ளைக்கு மதிப்பெண் கிடைக்காது. ஆனால் இரண்டுமே சரியான விடைகள். ஆங்கிலேயப் படையை நடத்திய ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் நாட்காட்டியில் அன்று ஆகஸ்ட் 26. எதிரே நின்ற பிரெஞ்சுப் படையின் தலைவர், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்ஸின் உறவினரான கெர்ழான், அன்று செப்டம்பர் 6 என்று எழுதியிருப்பார். பிரான்ஸ் 1582இலேயே கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. பிரிட்டன் பழைய ஜூலியன் கணக்கை விடாமல் வைத்திருந்தது. 18ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 11 நாள் இடைவெளி. வியப்பு என்னவென்றால், பாகூரில் சண்டை முடிந்த ஒரே வாரத்தில் பிரிட்டனும் மாறியது. அங்கே 1752 செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை என்று சட்டம் போட்டார்கள். பழைய கணக்கில் தேதியிடப்பட்ட கடைசிப் போர்ச் செய்திகளில் ஒன்று நம் பாகூர் வயல்காட்டிலிருந்து போயிருக்கிறது.

கிழமை மட்டும் இரு தரப்புக்கும் ஒன்றே. அன்று புதன். நாட்காட்டித் திருத்தம் தேதியின் எண்களைத் தாண்டிக் குதித்ததே தவிர கிழமை வரிசையைத் தொடவில்லை. அதே நாளில் புதுச்சேரித் தெருவில் பஞ்சாங்கம் பார்த்திருந்தவர் ஆங்கீரச வருடம் ஆவணி மாதப் பிற்பகுதி என்று சொல்லியிருப்பார். ஒரே புதன்கிழமைக்கு மூன்று பெயர்.

தினம் ஒரு வரலாற்று வினா என்ற பழக்கம் இன்று ஊரெங்கும் பரவியிருக்கிறது. பள்ளிக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறள், செய்தி, பழமொழி ஆகியவற்றோடு பொது அறிவு வினாவும் ‘வரலாற்றில் இன்று’ பகுதியும் வாசிக்கிறார்கள். அன்றைய காலை வழிபாட்டுக் குறிப்பு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் முதல் நாள் இரவே வந்துவிடுகிறது. நாளிதழ்களில் அதற்கென ஒரு கட்டம் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவின் முதற்பக்கத்தில் அன்றைய நாளின் நிகழ்வுகள் இருக்கின்றன. அரசுத் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்கள் அதையே ஒரு மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்கிறார்கள். பாகூர், வில்லியனூர் போன்ற கிராமப்புறக் கொம்யூன்களில் இந்தப் பழக்கம் எதைத் தருகிறது, எதை விட்டுவிடுகிறது, எப்படிச் செய்தால் நம் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன்படும் என்பதை முழுமையாக எடைபோட்டுப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் வினாடி வினாவின் கதை நீளமானது, இங்கே அதில் கொஞ்சம் போதும். 1967இல் கல்கத்தாவில் நீல் ஓ’பிரையன் நடத்திய போட்டியைப் பொதுமக்களுக்கான முதல் வினாடி வினா என்கிறார்கள். 1972இல் போர்ன்விட்டா வினாடி வினா வானொலிக்கு வந்தது. 2000 ஜூலையில் ‘கௌன் பனேகா குரோர்பதி’ தொடங்கியபின் கேள்விக்குப் பணம் என்பது வீட்டுப் பேச்சானது. தமிழிலும் அதன் வடிவங்கள் வந்தன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. ஒரு கேள்விக்கு ஒரே விடை, அதையும் நொடிக்குள் சொல்ல வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பரிசுக்கு ஆடுகிற ஆட்டத்துக்கு அது தேவைதான். அந்த விதியையே வகுப்பறைக் கரும்பலகைக்கும் தூக்கிக்கொண்டு வந்ததில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தினசரி வினாவின் பலத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் தம்மையே சோதனைப் பொருளாக்கி மறதியின் வேகத்தை அளந்தார். படித்ததில் பெரும்பகுதி சீக்கிரமே நழுவிவிடுகிறது, இடைவெளி விட்டு மறுபடி தொட்டால் தங்குகிறது என்று காட்டினார். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒரு முறை படித்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆக, தினமும் காலையில் கேட்கப்படும் ஒரு சின்னக் கேள்வி வீண் வேலை இல்லை. மனம் எதை மீண்டும் மீண்டும் எடுத்துச் சொல்கிறதோ அது அங்கே நிலைக்கிறது. அப்படி நிலைக்கப்போவது எது என்பதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கேள்வி எழுதுபவருடையது.

அந்தத் தேர்வு இப்போது எங்கோ நடக்கிறது. சுற்றுக்கு வருகிற பட்டியல்களில் பெரும்பாலும் ஐரோப்பிய அரசர்களின் முடிசூட்டு, விண்கலம் ஏவிய நாள், தலைவர்களின் பிறப்பு இறப்பு ஆகியவையே இருக்கின்றன. இவற்றைத் தெரிந்துகொள்வதில் தவறேதும் இல்லை. ஆனால் பாகூர் ஏரிக்கரையில் வாழும் ஒரு பிள்ளை ஆண்டு முழுக்க இந்தப் பட்டியலைக் கேட்டாலும், வரலாறு எப்போதும் வேறெங்கோ நடக்கிற விஷயம் என்ற எண்ணம்தான் அதன் மனதில் உறையும். அது உண்மைக்கு நேர் மாறானது. இந்தச் சிறிய நிலப்பரப்பில் தேதியிட்ட வரலாறு அவ்வளவு அடர்த்தி.

செப்டம்பர் 6ஐயே எடுத்துக்கொள்வோம். 1736ஆம் ஆண்டின் அதே தேதியில்தான் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தொடங்குகிறார். தமிழ்க் கணக்கில் நள வருடம் ஆவணி மாதம். சரியாகப் பதினாறு ஆண்டு கழித்து, பிரெஞ்சுக் கணக்கின் அதே தேதியில், பாகூர்ப் போர். அப்போது பிள்ளை துப்ளேக்ஸின் துபாஷியாகப் புதுச்சேரி நிர்வாகத்தின் நடுவில் இருந்தார். அவர் எழுதிய முறையை ஒவ்வொரு கேள்வி எழுதுபவரும் ஒரு முறை பார்க்க வேண்டும். தமிழ் வருடம், தமிழ் மாதம், தேதி, அதற்கிணையான ஐரோப்பியத் தேதி, கிழமை எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுவார். இரண்டு உலகங்களுக்கிடையே நின்று வேலை செய்தவர் என்பதால் எந்தக் கணக்கு என்று சொல்லாமல் ஒரு நாளைச் சொல்ல முடியாது என்பது அவருக்கு அன்றாடத் தொழில் அறிவு. 1846இல் கலுவா மோம்பிரேன் அந்தக் கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்திராவிட்டால், புதுச்சேரியின் 18ஆம் நூற்றாண்டைத் தமிழர் கண்ணால் பார்க்க நமக்கு வழியே இருந்திருக்காது.

அந்தப் போரையும் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் கேள்வியாகும்போது அது வெறும் தேதியாகச் சுருங்கிவிடுகிறது. 1752இல் ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் போர் இல்லை; 1748இன் அமைதி உடன்படிக்கை அமலில் இருந்தது. இங்கே ஆர்க்காட்டு நவாப் பதவிக்கான சண்டையில் முகமது அலிக்கு ஆங்கிலேயர், சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் எனத் துணைப்படைகளாக நின்று சண்டையிட்டார்கள். அந்த ஜூன் மாதமே சந்தா சாகிப் கொல்லப்பட்டிருந்தார். பிரெஞ்சுப் படை தன் எல்லைக்குள், வில்லியனூர்ப் பக்கம் பின்வாங்கியிருந்தவரை லாரன்ஸால் தாக்க முடியவில்லை. அவர் பின்வாங்குவதுபோல் பாகூருக்கு நகர்ந்தார், கெர்ழான் பின்தொடர்ந்து எல்லையைத் தாண்டி வந்தார், விடியுமுன் தாக்குதல் நடந்தது. இரு தரப்பிலும் ஐரோப்பியர் சில நூறு பேர்தான். மற்றவர்கள் இந்நாட்டுச் சிப்பாய்கள். கெர்ழான் சிறைப்பட்டார். இரண்டே ஆண்டில், 1754 ஆகஸ்டில், துப்ளேக்ஸை விலக்கிப் பொறுப்பேற்கக் கொதெயு வந்து இறங்கினார். ஒரு கேள்விக்குள் இத்தனையும் கொள்ளாது. ஆனால் ‘ஐரோப்பாவில் சமாதானம் நிலவியபோது பாகூரில் ஏன் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள்?’ என்று கேட்டால் பிள்ளைகள் யோசிப்பார்கள். தேதியை மட்டும் கேட்டால் யோசிக்கத் தேவையே இல்லை.

செப்டம்பர் 6க்கு மூன்று நாள் முன்பு இன்னொரு தேதி இருக்கிறது. 1783 செப்டம்பர் 3. உலகப் பட்டியல்களில் அது அமெரிக்க விடுதலைப் போர் முடிவுக்கு வந்த பாரிஸ் உடன்படிக்கை நாள். அதே நாளில் வெர்சாயில் பிரிட்டனும் பிரான்ஸும் தனியாக ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன் ஒரு பிரிவில் புதுச்சேரியைச் சுற்றிய நிலமாக வில்லியனூரையும் பாகூரையும் பிரான்ஸுக்கு உறுதி செய்து தருவதாகப் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. அமெரிக்க விடுதலைப் போரை முடித்த அதே நாளின் தாள்களில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். உலக வரலாறும் ஊர் வரலாறும் வெவ்வேறு புத்தகம் என்ற நினைப்பு அங்கேயே உடையும். இந்தப் பகுதி ஏன் தொடர்ச்சியில்லாத திட்டுகளாகத் தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக் கிடக்கிறது என்ற கேள்விக்கும் விடையின் ஒரு நுனி இங்கேதான். 1749-50இல் சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரருக்குத் தந்த ஊர்களே பிற்கால எல்லையின் அடித்தளம். பிறகு இழந்தும் மீட்டும் 1816க்குப் பின் நிலைத்தது.

ஆனால் கிராமப்புறப் புதுச்சேரியில் மிகக் கடினமான தினசரி வினா இவை எதுவுமில்லை. ‘புதுச்சேரியின் விடுதலை நாள் எது?’ என்பதுதான்.

1947 ஆகஸ்ட் 15இல் கடலூரில் மூவண்ணக் கொடி ஏறியபோது பெண்ணையாற்றுக்கு இப்புறம் பாகூரில் பிரெஞ்சு ஆட்சி. ஏழாண்டு கழித்துத்தான் இங்கே காற்று மாறியது. 1954 மார்ச்சில் கொம்யூன் மன்றங்கள் இணைப்புத் தீர்மானம் போட்டன, நெட்டப்பாக்கம் பக்கத்தில் கொடி ஏறியது. அக்டோபர் 18இல் வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். வாக்களித்தவர் 178 பேர், இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. அக்டோபர் 21இல் டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. கேவல் சிங் முதல் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார். இருந்தாலும் சட்டப்படி அது இன்னும் பிரெஞ்சு மண். 1956 மே 28இல் விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. அதைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்பதற்கு ஆறாண்டு பிடித்தது. அல்ஜீரியப் போர் ஓய்ந்தபின்தான் அது நடந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்புதல் ஆவணங்கள் பரிமாறிக்கொள்ளப்பட்டன. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அதன்பின் ஆறு மாத அவகாசம். இன்றும் ஊருக்கு ஊர் இருக்கிற ‘சொல்தா’ (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்களின் வாழ்க்கை அந்த ஆறு மாதத்தில் எடுத்த முடிவில் தொங்குகிறது. 1963 ஜூலை 1இல் ஒன்றியப் பகுதியாகச் சட்டமன்றத்தோடு கூடிய ஆட்சி தொடங்கியது. 2006 அக்டோபர் 1இல்தான் பாண்டிச்சேரி என்ற அரசாங்கப் பெயர் புதுச்சேரி ஆனது.

இதில் விடுதலை நாள் எது? புதுச்சேரி அரசு பல ஆண்டுகள் ஆகஸ்ட் 16ஐ முன்னிறுத்தி, பின்னர் 2014 முதல் நவம்பர் 1ஐ விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. ஆகஸ்ட் 16இல் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுவதும் தொடர்கிறது. கீழூர்க்காரருக்கு அக்டோபர் 18தான் உணர்வோடு கலந்தது. ஒருவர் நிர்வாகக் கணக்கில் பேசுகிறார், இன்னொருவர் சட்டக் கணக்கில், மூன்றாமவர் மக்கள் வாக்கின் கணக்கில். ஒரு மதிப்பெண் வினாவில் நான்கு தேதியைக் கொடுத்து ஒன்றை வட்டமிடச் சொல்வது இந்த வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. நான்கையும் கொடுத்து ஒவ்வொரு நாளும் என்ன மாறியது என்று பொருத்தச் சொன்னால் அதே நேரத்தில் ஒரு பிள்ளை குடிமையியலில் ஒரு பாடத்தையே கற்றுவிடும்.

எல்லையைத் தாண்டினால் நவம்பர் 1க்கு வேறு அர்த்தம். பாகூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலூர் மாவட்டம். அங்கே அது 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்த நாள். 2021இல் தமிழ்நாடு அரசு மாநில நாளை ஜூலை 18க்கு மாற்றியது. 1967இல் சட்டமன்றம் ‘தமிழ்நாடு’ என்ற பெயருக்குத் தீர்மானம் நிறைவேற்றிய நாள் அது. கடலூர்ப் பள்ளியில் படிக்கும் அத்தை மகனும் பாகூரில் படிக்கும் மாமன் மகளும் ஒரே நாளில் வெவ்வேறு விடை எழுதுகிறார்கள். இருவரும் தேர்வில் தேறுவார்கள். பொங்கலுக்குக் கூடும்போது ஏன் இந்த வேறுபாடு என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதும் ஒரு கேள்வி. பாரதியாரை நினைக்கிறேன், 1908 முதல் 1918 வரை பத்தாண்டு புதுச்சேரியில் வாழ்ந்தவர். திருவல்லிக்கேணியில் அவர் இறந்தது நள்ளிரவைத் தாண்டிய பின். ஆங்கிலக் கணக்கில் அது 1921 செப்டம்பர் 12. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவிலும் அதே தேதிதான். நம் மரபில் சூரியன் உதித்தால்தான் மறுநாள், ஆகவே அந்த இரவு செப்டம்பர் 11ஐச் சேர்ந்தது. பெரும்பாலான தமிழர் 11ஐயே நினைவு நாளாகக் கொள்கிறார்கள். தமிழ்நாடு அரசு மகாகவி நாளாக அறிவித்ததும் அதைத்தான். ஆண்டுதோறும் இது பற்றி யாராவது ஒருவர் ‘தவறான தேதி’ என்று சண்டைக்கு வருவார். உண்மையில் சண்டைக்கு இடமில்லை, நாள் எங்கே பிறக்கிறது என்று இரு கணக்கும் வேறு வேறாகச் சொல்கின்றன, அவ்வளவே.

தேதியே இல்லாத வரலாறு இன்னும் பெரிது. பாகூரின் மிகப் பெரிய பெருமை என்று கேட்டால் நான் சண்டையைச் சொல்ல மாட்டேன், செப்பேட்டைச் சொல்வேன். பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், பாகூரில் இயங்கிய வித்யாஸ்தானம் என்ற உயர்கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன: சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்டெடுக்கப்பட்ட அந்த ஐந்து செப்பேடுகள் பாரிசுக்குப் போயின. கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் அவற்றை எபிகிராபியா இண்டிகாவில் பதிப்பித்து உலகறியச் செய்தார். வடமொழியும் தமிழும் கலந்த அந்த ஏடு, அரிசில் ஆற்றங்கரையில் பாண்டியனோடு நடந்த போரையும் பேசுகிறது.

இதை எந்தத் தேதிக்கு வைத்துக் கேட்பது? ஆட்சியாண்டு மட்டுமே நமக்குக் கிடைக்கும் பிடி. நிருபதுங்கன் எந்த ஆண்டில் அரியணை ஏறினான் என்பதில் ஆய்வாளர்கள் ஒரே கருத்தில் இல்லை. எனவே 9ஆம் நூற்றாண்டின் பிற்பாதி என்று சொல்வதே நேர்மை. பாடக் கையேடுகளில் இதற்கு ஒரு குறிப்பிட்ட ஆண்டை அச்சடித்து ‘கி.பி. இத்தனை’ என்று விடை தரும்போது, ஓர் ஆய்வாளரின் கணிப்பு எல்லோரின் உண்மையாக வேடம் மாறிவிடுகிறது. கல்வெட்டில் ஆட்சியாண்டோடு மாதம், திதி, நட்சத்திரம், கிழமை நான்கும் சேர்ந்திருந்தால் கணித முறையில் நாளைக் கண்டுபிடிக்கலாம். அதைச் சாதித்துக் காட்டியவர் தமிழரான எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. 1922இல் அவர் வெளியிட்ட ‘இந்தியன் எஃபிமெரிஸ்’ இன்றும் கல்வெட்டு ஆய்வாளரின் மேசையில் இருக்கிறது. அதைத் திறந்து ஒரு கல்வெட்டின் கிழமையைச் சரிபார்க்கும் பயிற்சியை மேல்நிலை வகுப்பில் ஒரு முறை செய்துகாட்டினால், நூறு ஒருவரி வினாக்களைவிட மேல்.

பாகூரின் கல்வி மரபுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று உண்டு. மண்ணாடிப்பட்டுக் கொம்யூனிலுள்ள திருபுவனையில் முதலாம் இராசாதிராசனின் 30ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அங்கே 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. கி.பி. 1048 என்று அதைக் கணிக்கிறார்கள். இங்கே கணிப்புக்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. பாகூர் மூலநாதர் கோயிலில் சோழர் கல்வெட்டுகளோடு இராட்டிரகூட மன்னன் கன்னரதேவனின் ஆட்சியாண்டிட்ட கல்வெட்டுகளும் இருக்கின்றன. சோழரை இராட்டிரகூடர் வென்ற தக்கோலப் போருக்குப் பின் இந்தப் பகுதி யார் கையில் இருந்தது என்பதற்குக் கோயில் சுவரே சாட்சி. இவற்றையெல்லாம் ஊர் ஊராகப் போய்த் திரட்டியவர் பாகூரைச் சேர்ந்த புலவர் சு. குப்புசாமி. அவர் தொகுத்த புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகளை விஜயவேணுகோபால் பதிப்பிக்க, 2006இல் முதல் பகுதி வெளிவந்தது. வெளியிட்டவை புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள். பாகூரின் தினசரி வினாவுக்கு வேண்டிய கச்சாப் பொருள் எங்கே என்று தேட வேண்டியதில்லை. பள்ளி நூலகத்தில் அந்தத் தொகுதி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் வாங்கி வையுங்கள்.

தேதி இருந்தும் நிலையாக நில்லாதவை வேறு வகை. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டம் வைகாசியில் நடக்கிறது. பிரெஞ்சுக் காலத்தில் குவர்னர் வந்து வடம் பிடித்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிப்பதாகத் தொடர்கிறது. ஆனால் ஆங்கில நாட்காட்டியில் அது ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது. ‘இன்று’ என்று கட்டம் கட்டும் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்காததற்கு இதுவே காரணம். தினசரி வினாவைத் தயாரிப்பவர் ஆங்கிலத் தேதியோடு தமிழ் மாதத்தையும் ஒரு பத்தியாக வைத்துக்கொண்டால் தேரும், ஆடிப்பெருக்கும், மாசி மகமும் உள்ளே வரும். ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய முறைதான் அது.

எனக்கு மிகுந்த கவலை தருவது இன்னொரு விடுபாடு. தேதி என்பது எழுதி வைத்தவர்களின் சொத்து. உடன்படிக்கை போட்டவனுக்கும் படை நடத்தியவனுக்கும் தேதி உண்டு. பாகூர் ஏரியை வெட்டியவர்களுக்கு இல்லை. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று இந்தக் கொம்யூனை அழைக்கக் காரணமே அந்த ஏரியும், பெண்ணையாற்றுத் தண்ணீரைச் சொர்ணாவூர் அணையிலிருந்து கொண்டுவரும் பங்காரு வாய்க்காலும். பங்காரி, சிங்காரி என்ற இரு பெண்களோடு சேர்த்து இங்கே ஒரு கதை சொல்வார்கள். தேதியிட்ட சான்று அதற்கில்லை என்பதால் கதையை வரலாறு என்று கேட்கக் கூடாது. கதை என்றே சொல்லிக் கேட்கலாம், ‘பாகூர் ஏரிக்குத் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த வாய்க்கால் வழியாக வருகிறது?’ என்று. சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற மூன்று பட்டங்களும் நம் ஊரின் ஆண்டுக் கணக்கு. நாற்று விடுகிற வாரத்தில் நாற்றைப் பற்றியும், அறுவடை வாரத்தில் மதகைப் பற்றியும் கேட்டால், தேதி வாய்க்காதவர்களுடைய உழைப்பும் வினாத்தாளில் ஏறும்.

சில உழைப்பாளர்களுக்குத் தேதி கிடைத்தது, அதற்கு அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். 1936 ஜூலை 30இல் புதுச்சேரியின் சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பின் அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. ஜூலை 30இல் பிற பட்டியல்கள் எதைச் சொன்னாலும் சரி, புதுச்சேரிப் பள்ளியின் கரும்பலகையில் அன்று இது இல்லாமல் போகக் கூடாது.

செய்முறையில் நான் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. கேள்வி எழுதுகிறவர் விடைக்குப் பக்கத்தில் இரண்டு சிறு குறிப்புகளைச் சேர்க்க வேண்டும். எந்தக் கணக்கில் இந்த நாள், எந்தச் சாட்சி இதைச் சொல்கிறது. செப்டம்பர் 6 என்று எழுதினால் ‘பிரெஞ்சுக் கணக்கு’. நிருபதுங்கன் என்றால் ‘செப்பேடு, ஆட்சியாண்டு 8’. கீழூர் என்றால் ‘வாக்கெடுப்பு, 178 பேர்’. ஒரு விடைக்கு இரு கணக்கு இருந்தால் இரண்டுக்கும் மதிப்பெண். ஒரு வாரத்தின் ஐந்து பள்ளி நாட்களில் குறைந்தது இரண்டைப் புதுச்சேரி மண்ணுக்கு ஒதுக்க வேண்டும். அதில் ஒன்றை மாணவர்களே தயாரிக்கட்டும். தாத்தாவிடம், பஞ்சாயத்து அலுவலகத்தில், கோயில் சுவரில், நூலகத்தில் கேட்டுக்கொண்டு வரட்டும். அப்படிக் கொண்டுவரும் கேள்வியில் பிழை வரும். வரட்டும், பிழையை வகுப்பில் கூடித் திருத்துவதுதான் வரலாறு படிக்கும் முறை. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் அண்ணன்மார் ‘இதெல்லாம் கேட்க மாட்டார்கள்’ என்பார்கள். சில தேர்வுகளில் கேட்க மாட்டார்கள்தான். இருந்தாலும் சாட்சியோடு படித்த தேதி மனதில் ஆழமாகப் பதியும், தேர்வறையிலும் அது கைகொடுக்கும்.

இதில் அவசரமான பகுதி அண்மைக் காலம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது வாழையும் கரும்பும் சவுக்கும் சாய்ந்த கதையைச் சொல்கிறவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறியது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. அதோடு முடியவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த வெள்ளம் டிசம்பர் முதல் வாரத்தில் பெண்ணையாற்றில் வந்து பாகூர்ப் பகுதிக்குள் புகுந்தது. புயலின் தேதி எல்லாப் பட்டியலிலும் ஏறிவிட்டது. பாகூருக்கு வெள்ளம் வந்த தேதி ஏறவில்லை, ஏனென்றால் அது புயலுக்குப் பிந்திய நாள். எந்தத் தெருவில் எந்த உயரம் தண்ணீர் நின்றது, எந்த நாளில் வடிந்தது, எந்தப் பட்டத்து நெல் போனது என்பதை இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதவில் அளந்து, தேதியும் கிழமையும் தமிழ் மாதமும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதிப் பள்ளியில் ஒப்படைக்கலாம். கார்த்திகை மாதத்துக் காலை வழிபாட்டில் அந்த நோட்டிலிருந்தே கேள்வி கேட்கலாம்.